கூட்டாளி வூட்டுக் குப்பக்குழி

இத எழுத வேணாம்னு தான் இருந்தேன். ஒம்பதாவதுல ரெண்டு தபா ஒக்காந்துட்டு வெளிய வந்தவன் நான். குப்பையப் பத்தி நான் எழுதி யாரு படிக்கப் போறாங்கன்னு நோட்ட மூடிக்கூட வெச்சிட்டேன். அப்புறம் யோசிச்சிப் பாத்தேன். நான் எழுதலன்னா எங்க கூட்டாளி இந்தக் கதைய அவனுக்கு வசதியா மாத்தி ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிவான். அதுல எல்லாத் தப்பும் நான் செஞ்சதா ஆயிடும். பாதித் தப்பு என்னுது தான், ஒத்துக்கறேன். மீதிப் பாதி யாருதுன்னு எழுதி வெக்கத் தான் பேனாவ எடுத்தேன்.

எங்க ஊரு கள்ளக்குறிச்சிக்கும் நைனார்பாளையத்துக்கும் நடுவுல, தார் ரோட்ட ஒட்டி இருக்குது. கூட்டாளி வூடு எங்க வூட்டுக்கு எதுர் வூடு. அவங்கப்பா தவறிப்போயி ஆறு வருசம் ஆச்சி. வூட்ல அவனும் அவங்கம்மாவும் தான். ஒன்றர ஏக்கரு குத்தக நெலம், ஒரு கறவ மாடு, ஒரு கெடேரிக் கன்னு. அவ்ளோ தான் சொத்து. ஆளு மட்டும் நல்ல ஒயரம். பொய் சொல்லச் சொன்னா வாய் கோணிக்கும், அது ஒண்ணு தான் கொற.

ஒரு காதுகுத்துல நைனார்பாளையத்துப் பொண்ணு ஒண்ணப் பாத்துட்டு வந்தான். அது பந்தியில சாம்பாரு வாளிய எடுத்துக்கினு வந்துச்சாம். இவன் எலையில ஊத்திட்டு, "போதுமா"ன்னு கேட்டுச்சாம். அவ்ளோ தான் பேச்சு. அதுலருந்து எங்க கூட்டாளிக்கு எந்தச் சாம்பாரும் புடிக்கல. அவங்கம்மா ஆள வுட்டுக் கேட்டாங்க. பொண்ணோட அப்பா, மொதல்ல வந்து வூட்டப் பாக்கறேன், அப்புறம் பேசலாம்னு சொல்லி அனுப்பிட்டாரு. இவன் மூஞ்சில இருந்த ரத்தமெல்லாம் எறங்கிடுச்சி. ஏன்னு சொல்றேன்.

எங்க பக்கம் பொண்ணு வூட்டுக்காரங்க மாப்ள வூடு பாக்க வந்தாங்கன்னா வூட்டுக்குள்ள இன்னா இருக்குதுன்னு பாக்க மாட்டாங்க. காப்பித் தண்ணி குடிச்சிட்டு, "தோட்டம் எந்தப் பக்கம்"னு கேட்டுக்கினே பின்னாடி போயிடுவாங்க. அங்க குப்பக்குழியத் தான் பாப்பாங்க. குப்பைன்னா எங்க பாஷையில எரு. குழி பெருசா, குப்ப ஒயரமா இருந்தா மாடு ஜாஸ்தின்னு அர்த்தம். மாடு ஜாஸ்தின்னா பயிரு நல்லா இருக்கும். பயிரு நல்லா இருந்தா பொண்ணு கஞ்சி குடிக்கும். மாட்டக் கூட பக்கத்து வூட்லருந்து இரவல் வாங்கியாந்து கட்டிடலாம், குப்பைய வாங்கியாந்து கொட்ட முடியாதுல்ல. அதனால கண்ண மூடிக்கினு நம்புவாங்க.

எங்க கூட்டாளி வூட்டுக் குப்ப எப்பிடி இருந்துச்சின்னா, முன்னாடி ஒரு எரும படுத்தா குப்ப மறஞ்சிடும்.

அந்த வருசம் தான் ரிசர்வேஷன் கேட்டு போராட்டம். ஒரு வாரம் பஸ்ஸு கெடையாது, லாரி கெடையாது. ரோட்டோரம் நின்னுக்கினு இருந்த புளியமரத்த எல்லாம் வெட்டிக் குறுக்கால போட்டுட்டாங்க. எங்க ஊரு எல்லையில மட்டும் அஞ்சி மரம். யாரு வெட்டினாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் எழுத மாட்டேன், அவங்க வூட்ல தான் நான் மோரு வாங்கிக் குடிக்கிறேன்.

பொண்ணோட அப்பா வர்றதா சொன்னதும் அந்த வாரம் தான். ரோடே இல்ல, எப்பிடி வருவாரு. கூட்டாளிக்கு ஒரு பக்கம் கவல, ஒரு பக்கம் நிம்மதி. நாங்க ரெண்டு பேரும் வேல இல்லாம வெட்டிப்போட்ட மரத்து மேல ஒக்காந்துக்கினு இருந்தோம். வெறகுக்கு ஆவுற கெளைய எல்லாம் தெருப் பொம்பளைங்க தறிச்சிக்கினு போயிட்டாங்க. எலையும் தும்பும் மட்டும் ரோடு பூரா முட்டியளவு கெடக்குது. அப்ப தான் எனக்கு அந்த யோசன வந்துச்சி. இது தான் என்னோட பாதித் தப்பு.

நான் ஒரு சீசன் மூங்கில்துறைப்பட்டு ஆலையில கரும்பு எறக்குற வேலைக்குப் போயிருந்தேன். அங்க ஆலைக் கழிவ மல மாதிரி கொட்டி வெச்சிருப்பாங்க. உள்ள கைய வெச்சா சுடும். கொஞ்ச நாள்ல கருப்பா, பொலபொலன்னு எருவா ஆயிடும், வண்டி கட்டிக்கினு வந்து வாங்கிக்கினு போவாங்க. அந்த அறிவோட நான் கூட்டாளிகிட்ட சொன்னேன். எலைய வாரி குழியில போடுவோம். மேல சாணியக் கரச்சி ஊத்துவோம், அதுக்கு மேல மண்ணு, திரும்ப எலை. பாக்குறவனுக்குப் பத்து மாட்டுக் குப்ப மாதிரி தெரியும். அவன் வாய் அப்பவே லேசா கோணுச்சி. "தப்பில்லடா, எல்லாம் மக்குனா ஒண்ணு தான்"னேன்.

மூணு நாளு வாரினோம். எங்க வூட்டு மாட்டுச் சாணியும் ராத்திரியோட ராத்திரியா கட்சி மாறிடுச்சி, எங்கம்மாவுக்கு இன்னிக்கும் தெரியாது. குப்ப மாரளவு ஒசந்து நின்னுச்சி. கூட்டாளியோட அம்மா தோட்டத்துப் பக்கம் வந்து பாத்துட்டு, இதுக்கு ஒரு கலசம் வெச்சிட்டா கும்பாபிசேகம் பண்ணிடலாம்னாங்க.

ரோடு தொறந்த ஒடனே போலீஸ் வந்துச்சி. மரம் வெட்டினவன் வூட்ல பச்ச எலை, வெறகு இருக்கும்னு வூடு வூடா பாத்துக்கினு வர்றாங்கன்னு சேதி. தெருவுல இருந்த அத்தினி பேரும் வெறகக் கெணத்துல போட்டாங்க, வைக்கப்போருல சொருவினாங்க. தழைய மட்டும் எங்க போடுறதுன்னு தெரியாம நேரா எங்க குழிக்கிட்ட கொண்டாந்து கொட்டிட்டு ஓடிட்டாங்க. நானும் கூட்டாளியும் அவசர அவசரமா அது மேல சாணியக் கரச்சி ஊத்திக்கினு இருக்கும்போதே ஒரு போலீஸ்காரரு தோட்டத்துக்குள்ள வந்துட்டாரு.

இது இன்னாடா இம்மாம் பெருசுன்னு கேட்டாரு. கூட்டாளி வாயத் தொறக்குறதுக்குள்ள நான், குப்ப சார், கல்யாண வூடு சார்னேன். அவரு லத்தியால ஒரு குத்து குத்தினாரு. லத்தி பூரா உள்ள போயிடுச்சி. வெளிய இழுத்தா ஆவி பறக்குது, நுனியிலருந்து கைப்புடி வரைக்கும் சாணி. அவரு லத்தியப் பாத்தாரு, எங்களப் பாத்தாரு, தண்ணி எங்கன்னு மட்டும் கேட்டாரு. நான் தான் மொண்டு ஊத்தினேன். அன்னிக்கு எங்க ஊருல நாலு பேர ஜீப்புல ஏத்திக்கினு போனாங்க. அவங்க திரும்பி வர்ற வரைக்கும் தெருவுல யாரும் சத்தமா சிரிக்கல, நான் உட்பட.

அதுக்குள்ள புரட்டாசி பொறந்துடுச்சி. புரட்டாசியில நல்ல காரியம் பேச மாட்டேன், ஐப்பசியில வர்றேன்னு பொண்ணோட அப்பா சொல்லி அனுப்பினாரு. நல்லதாப் போச்சி, அதுக்குள்ள குப்ப பழசு மாதிரி ஆயிடும்னு நான் சொன்னேன். பழசு ஆச்சி. கூடவே எறங்கவும் ஆரம்பிச்சிடுச்சி.

இது எனக்குத் தெரியாது. ஆலையில தெனமும் கொட்டிக்கினே இருப்பாங்க, அதனால எறங்குறது கண்ணுக்குத் தெரியாது. இங்க நாங்க கொட்டினதோட சரி. பச்ச எலை வெந்து உள்ள அமுங்குது. மாரளவு இருந்தது பத்து நாள்ல இடுப்பளவு. ஒரு காலையில கூட்டாளி பேயறஞ்ச மாதிரி வந்து என்ன எழுப்பினான், குப்ப தொடைக்கு வந்துடுச்சிடான்னான். நான் பாயில படுத்துக்கினே, நீ வளந்துட்டிருப்படான்னேன். அவன் சிரிக்கல.

இனிமே ரோட்ல எலை இல்ல. சாணிக்கு எங்கம்மா காவல் போட்டுட்டாங்க. அப்ப கூட்டாளியே ஒரு வழி கண்டுபுடிச்சான். தெருவுல இருவது வூடு இருக்குது. வூட்டுக்கு வூடு தெனம் காய்த் தோலு, அடுப்புச் சாம்பலு, கூட்டின குப்ப, வாழ எலை, தோட்டத்துல புடுங்கின பில்லு, எல்லாம் தெருக்கோடியில தான போயி வுழுது. அத நாமளே வாங்கியாந்துடலாம்னான். மாடு வெச்சிருக்கிறவங்க காய்த் தோல மாட்டுக்குப் போட்டுடுவாங்க. மாடு இல்லாத வூட்ல குடுப்பாங்க.

எல்லாம் சரி, யாரு தூக்குறது? எங்க ஊருல ஆம்பள குப்பைய வெட்டுவான், வண்டியில வாரிப் போடுவான். கூடையில அள்ளி தலையில வெச்சிக்கினு போறது மட்டும் பொம்பள வேல. ஆம்பள தலையில குப்பக்கூடைய எந்தப் பொறப்புலயும் யாரும் பாத்ததில்ல. அவங்கம்மாவத் தூக்கச் சொல்ல அவனுக்கு மனசு வரல, அவங்களுக்கு முட்டி வலி. என்னப் பாத்தான். நான் ஆகாசத்தப் பாத்தேன். கல்வராயன் மலைப் பக்கம் மேகம் நல்லா இருந்துச்சி.

மறுநாள் காலையில எங்க கூட்டாளி துண்டச் சும்மாடு கட்டி, கூடையத் தலைல வெச்சிக்கினு தெருவுல எறங்கிட்டான்.

அன்னிக்குத் தெருவுக்கே திருவிழா. ஒருத்தி, "இன்னாடி மருமவளே, மாமியா அடிச்சிட்டாளா"ன்னு கேக்குறா. டீக்கடையில இருந்தவங்க கை தட்டுறாங்க. நான் பின்னாடியே போயி, பொண்ணு நல்ல பொண்ணுங்க, வூட்டு வேல எல்லாம் செய்யும்னு ஏலம் வுட்டேன். அவன் காது ரெண்டும் செவந்து போச்சி. ஆனா கூடைய எறக்கல. டீக்கடைக்காரரு தான் மொதல்ல சிரிப்ப நிறுத்திட்டு, வடிகட்டின டீத்தூள் ஒரு டப்பா நெறைய குடுத்தாரு. அதுக்கப்புறம் ஒவ்வொரு வூடா குடுக்க ஆரம்பிச்சாங்க. வெங்காயத் தோலு, முருங்கக் காம்பு, பரங்கிக்காக் கொடலு, மீன் செதிலு, முட்ட ஓடு. ஒரு பெரிம்மா மட்டும் ரெண்டு வருசமா சேத்து வெச்ச சாம்பல மூட்டையாவே குடுத்துட்டு, பையத் திருப்பிக் குடுன்னு கேட்டாங்க.

எனக்கும் ஒரு வேல குடுத்தான். கூட்டின குப்பையில பிளேடு, ஊக்கு, கண்ணாடி, உடஞ்ச வளையலு எல்லாம் இருக்கும். அதப் பொறுக்கி எடுத்துட்டுத் தான் குழியில போடணும், நெலத்துல வெறுங்காலோட நடக்குறவங்க நாங்கன்னான். நிழல்ல ஒக்காந்து செய்யற வேல, சரின்னுட்டேன். மொத ரெண்டு வாரம் ஒழுங்கா பொறுக்கினேன். அப்புறம் பிளேடு, ஊக்கு மட்டும் எடுத்தேன். வளையலு துண்டு இன்னா பண்ணிடப் போவுதுன்னு அப்பிடியே தள்ளி வுட்டுட்டேன். இதையும் சேத்துத் தான் பாதித் தப்புன்னு மேல சொன்னேன். இப்ப எழுதிப் பாத்தா பாதிக்கு மேலயே வருது.

ஐப்பசியில அடமழ. பொண்ணோட அப்பா வரல. நடவு இருக்குது, கார்த்திகையில பாக்கலாம்னு சேதி. குழி மழையில நனஞ்சி நாறுச்சி. நாத்தத்துக்குத் தெருவே எங்களத் திட்டுச்சி, குடுத்தவங்க அவங்க தான்றத மறந்துட்டு. கூட்டாளி தெனமும் கடப்பாரையால கெளறி, மேல காஞ்ச சருகு போட்டான். சாம்பல கொஞ்சமா தூவினான். ரெண்டு நாள்ல நாத்தம் நின்னுச்சி. காலையில எழுந்தா பல்லு வெளக்கறதுக்கு முன்ன குழிக்குள்ள கைய வுட்டு சூடு பாப்பான், புள்ளைக்கு ஜொரம் பாக்குற மாதிரி. தொட்டுட்டு, "இன்னிக்கு நல்லாகீது"ம்பான். எனக்கு பயமே வந்துடுச்சி. பொண்ணு கெடைக்கலன்னா இவன் குப்பையவே கட்டிக்குவானோன்னு.

குப்ப எறங்கும், இவன் கொட்டுவான். எறங்கும், கொட்டுவான். தெரு பூரா இவன் கூடையப் பாத்து மணி சொல்ற அளவுக்குப் போயிடுச்சி. கார்த்திகை வர்றப்ப குப்ப திரும்ப மாரளவு நின்னுச்சி. அது மேல ஒரு பரங்கிக்கொடி தானா மொளச்சி, பூ பூத்து, தலைப்பாக கட்டின மாதிரி படந்துடுச்சி. அழகா தான் இருக்குதுன்னு நான் வுட்டுட்டேன்.

கார்த்திகை தீபத்துக்கு மறுநாளு குப்பக் கார்த்திகை. அன்னிக்கு எல்லாரும் அவங்க அவங்க குப்ப மேல ஒரு வெளக்கு வெப்பாங்க. அன்னிக்கு மத்தியானம் தான், யாருக்கும் சொல்லாம, பொண்ணோட அப்பா பஸ்ஸுலருந்து எறங்கி வந்துட்டாரு. தனியா. வேட்டி முட்டிக்கு மேல, தோள்ல துண்டு. பேச்சு கம்மி. என்னக் காட்டி, இது யாருன்னு கேட்டாரு. எதுர் வூட்டுப் பையன்னு கூட்டாளியோட அம்மா சொன்னாங்க. எதுருல இருந்தா சரி, ஏன் உள்ள இருக்குதுன்னு கேட்டாரு. எனக்கு அவரப் புடிச்சிப் போச்சி.

காப்பி குடிச்சாரு. "தோட்டம் எந்தப் பக்கம்"னாரு.

நான் கூட்டாளி காதுல, வாயத் தொறக்காத, எதக் கேட்டாலும் நான் பேசிக்கிறேன்னு சொல்லிட்டு கூடவே போனேன். அவரு குப்பையச் சுத்தி வந்தாரு. பரங்கிக்கொடியப் புடிச்சித் தூக்கி அடியப் பாத்தாரு. அப்புறம் ஒக்காந்து, தோள் முட்டும் கைய உள்ள வுட்டு ஒரு கை அள்ளினாரு. கருப்பா, ஈரமா, டீத்தூளாட்டம் வந்துச்சி. மோந்து பாத்தாரு. மூஞ்சில ஒண்ணும் தெரியல. கையில இருந்தத வெரலால கெளறி, அதுலருந்து ஒவ்வொண்ணா எடுத்து பக்கத்துல இருந்த கல்லு மேல வெச்சாரு. செவப்பு வளையலு துண்டு. பச்ச. கருநீலம். மஞ்ச. இன்னொரு பச்ச, வேற பச்ச.

கூட்டாளியோட அம்மா தோட்டத்து வாசப்படியில நின்னுக்கினு இருந்தாங்க. அவங்க கை ரெண்டும் வெறுங்கை. அந்த வூட்ல வளையலு ஒடஞ்சி ஆறு வருசம் ஆச்சி. அவரும் அத ஒரு தபா பாத்துட்டு, சட்டுனு கண்ணத் தாழ்த்திக்கினாரு.

"தம்பி, இது எத்தினி வூட்டு அடுப்பங்கர?"

நான், அது வந்துங்க, இந்தப் பக்கம் சொந்தக்காரப் பொம்பளைங்க அடிக்கடி வருவாங்கன்னு ஆரம்பிச்சேன். அதுக்குள்ள கூட்டாளி வாய் தொறந்துட்டான். கோணல, நேரா தான் இருந்துச்சி.

"இருவது வூடுங்க. எங்களுது ஒரு மாடு, ஒரு கன்னு தாங்க. பெருசா தெரியணும்னு நான் தான் தெருவுல வாங்கியாந்து கொட்டினேன்."

"மாடு கட்டுற மொளக்குச்சி ரெண்டு தான் அடிச்சிருக்குதுன்னு வரும்போதே பாத்தேன்"னாரு அவரு. கைய ஒதறிட்டு எழுந்தாரு. "வாங்கியாந்தன்னா, எதுல?"

"கூடையிலங்க."

"கூடைய வெச்சிக்கினு வந்தது யாரு? அம்மாவா?"

"நான் தாங்க. தலைல."

அவரு கூட்டாளியோட தலையப் பாத்தாரு, கூடை இன்னும் அங்க தான் இருக்குற மாதிரி. ஒரு கை குப்பைய அள்ளித் துண்டு முடிச்சில முடிஞ்சிக்கினாரு. வூட்ல கேட்டுட்டு சொல்றேன்னு கெளம்பிட்டாரு. எங்க பக்கம் அப்பிடி சொன்னாங்கன்னா அதுக்கு அர்த்தம் முடியாதுன்றது தான். எல்லாருக்கும் தெரியும். பஸ்ஸு வர்றதுக்கு முன்ன டீக்கடையில கொஞ்ச நேரம் ஒக்காந்து, கடைக்காரருகிட்ட ஏதோ பேசிக்கினு இருந்தாரு. அங்க இன்னா பேசினாரோ, அதுவும் எனக்கு பயம். கை தட்டின கூட்டம் பூரா அங்க தான இருக்குது.

பொழுது சாஞ்சதும் கூட்டாளியோட அம்மா அகல ஏத்திக் குப்ப மேல வெச்சாங்க, பரங்கிப்பூவுக்குப் பக்கத்துல. நான் கல்லு மேல இருந்த வளையலு துண்டுங்கள ஒவ்வொண்ணா பொறுக்கி ஜோப்புல போட்டுக்கினேன். பொறுக்க வேண்டிய நேரத்துல பொறுக்கி இருக்கணும். கூட்டாளி என்ன ஒரு வார்த்த கேக்கல. திட்டியிருந்தா கூட தேவலன்னு இருந்துச்சி.

பத்து நாளு சேதியே இல்ல. அவன் மட்டும் தெனம் காலையில கூடைய எடுத்துக்கினு போனான். எதுக்குடா இன்னும்னு கேட்டா, நெலத்துக்குடான்னான். நான் நிழல்ல ஒக்காந்து, ஒரு மண்ணுருண்டையக் கூட வுடாம ஒடச்சிப் பாத்து, வளையலு வளையலா பொறுக்கினேன்.

பதினோராம் நாளு நான் கள்ளக்குறிச்சிக்கு மண்வெட்டிக்குக் காம்பு வாங்கப் போயிட்டேன். சாயந்தரம் திரும்பி வர்றப்ப டீக்கடைக்காரரு, நைனார்பாளையத்துக்காரரு வந்துட்டுப் போனாருன்னு மட்டும் சொன்னாரு. இன்னா சொன்னாருன்னு கேட்டா, போயி அவனையே கேளுன்னுட்டாரு. ஓட்டமா ஓடினேன். கூட்டாளி தோட்டத்துல தனியா குப்பையக் கெளறிக்கினு இருந்தான். தலைல சும்மாடு, பக்கத்துல கூடை. நல்ல சேதின்னா எவனாவது குப்பையக் கெளறிக்கினு இருப்பானா. எனக்குப் புரிஞ்சி போச்சி. சமாதானமா நாலு வார்த்த பேசத் தெரியாது எனக்கு, கிண்டல் தான் வரும். அதனால அதையே பேசினேன். வுடுடா, சாம்பாரு ஊத்துற பொண்ணு ஊருக்கு ஒண்ணு இருக்குது, வளையலு போடாத ஊரா பாத்து நான் உனக்குப் புடிச்சித் தரேன், மொதல்ல அந்தக் கூடையக் கெடாசுடான்னேன்.

அவன் கடப்பாரைய நிறுத்தாமலே சொன்னான்: "கெடாசக் கூடாதாம்டா, தை மாசம் அது இங்க வந்தப்புறமும் கூடை என் தலைல தான் இருக்கணும்னு அவங்கப்பாகிட்ட சொல்லி அனுப்பிக்கீது."